புராஜெக்ட்டை விலைக்கு வாங்கலாமா?



பேரவை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் நம் மலரில் அம்மாவைப் பற்றியும் காதலைப் பற்றியும் கவிதைகளுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. அதனால் கேண்டீனில் எல்லோரும் பேசுகிற, மேடையில் மட்டும் யாரும் பேசாத ஒரு விஷயத்தை எழுதுகிறேன். அதுதான் நம் ஆறாவது செமஸ்டர் புராஜெக்ட்!

நம்மில் பெரும்பாலோர் புராஜெக்ட் செய்வதில்லை. வாங்குகிறோம். இதை மறைப்பானேன்? ஆறு பேர் சேர்ந்து ஒரு குழு. ஆளுக்கு 1,500 ரூபாய். மொத்தம் 9,000 ரூபாயை டவுனில் ஒரு கடையில் கட்டினால் ஒரு பெட்டி தருகிறார்கள். கூடவே அச்சடித்த ரெக்கார்டு, வைவாவுக்கு இருபது கேள்வியும் பதிலும். சட்டை எடுப்பதுபோல அளவு பார்த்து எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். அந்த 1,500 ரூபாய் எங்கிருந்து வருகிறது? என் வீட்டில் என்றால் அம்மா மகளிர் குழுவில் கடன் சொல்லித்தான் வாங்க வேண்டும். உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு சீனியர் அண்ணன்களின் வைவா அன்று, எக்ஸ்டர்னலுக்கு டீ வாங்கிக் கொடுக்கும் வேலை எனக்கு. அதனால் லேப் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு குழுவின் பெட்டி, வயலின் ஈரத்தைப் பார்த்து மோட்டாரைத் தானாகப் போடும் கருவி. பெட்டி அழகாக வேலை செய்தது. எக்ஸ்டர்னல் சார் பாராட்டிவிட்டு, உள்ளே ரிலேவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பேனாவால் தொட்டு, "தம்பி, இதை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இருபது கேள்விகளில் இது இல்லை! சார் நல்லவர். பாஸ் போட்டுவிட்டார். ஆனால் அந்த அண்ணன்களில் ஒருவர் பிறகு ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்து என்னிடம் சொன்னார்: "சர்டிபிகேட்டையே பார்க்கலடா. உன் புராஜெக்ட்ல நீ என்ன செஞ்சேன்னுதான் கேட்டாங்க. காசு கொடுத்தேன்னா சொல்ல முடியும்?"

அவரைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. நானும் அப்படி வாயடைத்து நின்றவன்தான். அதுவும் எக்ஸ்டர்னல் முன்னால் அல்ல, என் அப்பா முன்னால்!

என் அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஒரு கல்யாண மண்டபத்தில் இரவு வாட்ச்மேன். மொட்டை மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டு நிரப்புவதும் அவர் வேலை. தொட்டி நிரம்பியதா என்று பார்க்க மூன்று மாடி ஏற வேண்டும். மூட்டு வலிக்காரர். ஏறாமல் உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் வழியும், மேனேஜர் சத்தம் போடுவார். முகூர்த்த நாளில் ஒரு ராத்திரிக்கு நாலைந்து தடவை ஏறி இறங்குவார். இரண்டாம் ஆண்டு விடுமுறையில், தண்ணீர் நிரம்பினால் கீழே பஸ்ஸர் அடிக்கிற மாதிரி ஒரு சின்ன சர்க்யூட் போட்டுத் தரலாம் என்று நினைத்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு பி.சி. 547 டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு பஸ்ஸர், இரண்டு செம்புக் கம்பி. நீளமான ஒயரையும் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா தம்பி, தண்ணிக்குள்ள கரண்ட் கம்பிய விடுறியே, ஆளை அடிக்காதா?"

"ஒண்ணும் ஆகாதுப்பா."

"ஆகாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தண்ணியிலதான் சமையல் நடக்குது. கைக்குழந்தைய எல்லாம் குளிப்பாட்டுறாங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை! ஓம்ஸ் லாவை முதலாம் ஆண்டிலிருந்து மூன்று பரீட்சைகளில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அதை வைத்து அப்பாவுக்கு ஒரு பதில் சொல்ல வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அன்றுதான் உறைத்தது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குடத்துத் தண்ணீரில் இரண்டு கம்பியையும் விட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் சுமார் 50 கிலோ ஓம் காட்டியது. பேட்டரி 9 வோல்ட். அதில் டிரான்சிஸ்டரின் பேஸ் 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 8.3. அதை 50 ஆயிரத்தால் வகுத்தால் தண்ணீர் வழியாகப் போவது சுமார் 0.16 மில்லி ஆம்பியர்தான். கையை விட்டாலும் தெரியாது. ஆனால் டிரான்சிஸ்டர் அதைக் குறைந்தது நூறு மடங்காவது பெருக்கும். 16 மில்லி ஆம்பியர் கிடைத்தால் சின்ன பஸ்ஸர் சத்தம் போடும். டிரான்சிஸ்டர் எதற்கு என்று புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் படித்தும் புரியாதது, ஒரு குடம் தண்ணீரில் புரிந்தது.

அப்பாவின் பயம் வெறும் பயம் அல்ல என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பேட்டரிக்குப் பதிலாக மலிவான அடாப்டரை மாட்டியிருந்தால், அது உள்ளே பழுதாகும்போது 230 வோல்ட்டும் தண்ணீருக்கு வர வழி இருக்கிறது. ஆகவே பேட்டரிதான் என்று முடிவு செய்தேன்.

எக்ஸ்டர்னல் கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்தது. பேஸுக்குப் போகும் வழியில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட வேண்டும். "எதுக்கு இது?" என்று நான் விட்டுவிட்டேன். கம்பிகள் இரண்டும் ஒன்றோடொன்று உரசியதும் பேட்டரி முழுவதும் நேராக பேஸில் பாய்ந்து டிரான்சிஸ்டர் போய்விட்டது. இன்னொன்று போட்டேன், அதுவும் போயிற்று. மூன்றாவதற்கு ரெசிஸ்டரைப் போட்டேன். இனி அந்த ரெசிஸ்டரை எத்தனை வருஷம் கழித்து யார் கேட்டாலும் நான் மறக்க மாட்டேன். இரண்டு டிரான்சிஸ்டர் விலைக்கு இதைவிட நல்ல டியூஷன் எங்கே கிடைக்கும்?

இதோடு கதை முடியவில்லை. மூன்று வாரம் நன்றாக அடித்த பஸ்ஸர், ஒரு முகூர்த்த ராத்திரி அடிக்கவில்லை. அதை நம்பி அப்பா கீழேயே இருந்துவிட்டார். தண்ணீர் வழிந்து சமையல் கூடம் வரை வந்துவிட்டது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறார். காலையில் வீட்டுக்கு வந்த அப்பா, "உன் மணி அடிக்கலடா" என்று மட்டும் சொன்னார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாடிக்குப் போய்ப் பார்த்தால் ஒரு கம்பியில் பச்சையாகவும் கறுப்பாகவும் ஏதோ படிந்திருந்தது. எங்கள் லேப் சாரிடம் கொண்டு காட்டினேன். தண்ணீர் வழியாக ஒரே திசையில் கரண்ட் போனால் மின்னாற்பகுப்பு நடக்கும், பாசிட்டிவ் பக்கச் செம்பு கரையும் என்றார். பிறகு சர்க்யூட்டைப் பார்த்து, "சுவிட்சை எங்க போட்டிருக்கே?" என்று கேட்டார். பஸ்ஸருக்கு மட்டும் போட்டிருந்தேன். சத்தம் நின்றதே தவிர, தொட்டி நிறைந்திருக்கும் நேரமெல்லாம் தண்ணீரில் கரண்ட் போய்க்கொண்டே இருந்திருக்கிறது! குடிக்கிற தண்ணீரில் செம்பு கரைவது நல்லதும் அல்ல. சுவிட்சைப் பேட்டரிக்குப் பக்கத்தில் மாற்றினேன். மோட்டார் ஓடும்போது மட்டும் போட்டால் போதும். செம்புக் கம்பிக்குப் பதிலாக இரண்டு எவர்சில்வர் ஸ்பூன் காம்புகள். இப்போது எட்டு மாதமாக ஓடுகிறது. அப்பாவும் மாதம் ஒருமுறை காம்பைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறார். அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்!

நண்பர்களே, இதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஏன் வேலை செய்கிறது, ஏன் வேலை செய்யவில்லை என்று நம்மால் சொல்ல முடிந்த சின்னப் புராஜெக்ட், சொல்ல முடியாத பெரிய புராஜெக்ட்டைவிட மேலானது. 9,000 ரூபாய்ப் பெட்டி பழுதானால் கடைக்காரரிடம்தான் ஓட வேண்டும். நாம் செய்தது பழுதானால் நாமே பழுது பார்க்கலாம்.

சும்மா அறிவுரை சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் ஏற்க மாட்டீர்கள். எனவே நான் செய்து பார்த்த வேறு மூன்று சர்க்யூட்டுகளையும் சொல்கிறேன்.

முதலாவது, 5 வோல்ட் பவர் சப்ளை. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், 1என்4007 டையோடு நான்கு, 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், 7805 ஐ.சி. இவ்வளவுதான். "இதெல்லாம் ஒரு புராஜெக்ட்டா?" என்று சிரிக்க வேண்டாம். 200 மில்லி ஆம்பியர் எடுத்துப் பாருங்கள், 7805-ஐத் தொட முடியாது. ஏன்? 12 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் சுமார் 17 வோல்ட். இரண்டு டையோடில் 1.4 போனால் 15.6. ஏற்ற இறக்கம் போக சராசரியாக 14.5 வைத்துக்கொண்டாலும், 5 போக மீதி 9.5 வோல்ட்டையும் அந்த ஐ.சி. சூடாகத்தான் கழிக்கிறது. 0.2 ஆம்பியரால் பெருக்கினால் சுமார் 2 வாட். நமக்குக் கிடைப்பதோ 1 வாட்! 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டால் சூடு ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஹீட் சிங்க் எதற்கு என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: டிரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் பக்கத்தை லேப் சார் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். அதில் வீரம் வேண்டாம்.

இரண்டாவது, 555 டைமர். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கமென்சிண்ட் என்ற பொறியாளர் 1971-இல் வடிவமைத்தது. சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு கடந்தும் இன்னும் கடையில் கேட்டவுடன் கிடைக்கிறது. 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் எல்.இ.டி. வினாடிக்கு ஒருமுறை மின்ன வேண்டும். சூத்திரம் அப்படித்தான் சொல்கிறது. எனக்கு அப்படி வரவில்லை. அறுபது வினாடியில் ஐம்பத்திரண்டு முறைதான் மின்னியது. இரண்டு நாள் தப்பைத் தேடினேன். கடைசியில் பார்த்தால் தப்பே இல்லை. அந்த வகைக் கெப்பாசிட்டரின் மதிப்பு இருபது சதவீதம் வரை கூடலாம், குறையலாம். புத்தகத்துக்கும் கடைச் சரக்குக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் காட்டியது அந்தச் சின்னக் கெப்பாசிட்டர்தான்.

மூன்றாவது, இருட்டினால் தானாக எரியும் விளக்கு. ஒரு எல்.டி.ஆர்., ஒரு டிரான்சிஸ்டர், ஒரு எல்.இ.டி. போதும். எல்.டி.ஆரை விளக்குக்கு எதிரிலேயே வைத்துப் பாருங்கள். விளக்கு தன் வெளிச்சத்தைத் தானே பார்த்து, பொழுது விடிந்துவிட்டது என்று நினைத்து, பளிச்சென்று எரியாமல் மங்கலாக நின்றுவிடும். நெகட்டிவ் ஃபீட்பேக் என்று மூன்றாவது செமஸ்டரில் மனப்பாடம் செய்தோமே, அது இதுதான்!

"இந்தக் காலத்தில் ஆர்டுயினோ இல்லாமல் புராஜெக்ட்டா?" என்று கேட்கலாம். ஆர்டுயினோவுக்கு நான் எதிரி அல்ல. அது 2005-இல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில், எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களும் எளிதாகச் செய்து பார்க்கட்டும் என்றே உருவாக்கப்பட்டது. மாணவன் தானே செய்வதற்காகப் பிறந்ததை, மாணவன் தொடாமலே விற்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். யாரோ எழுதிய புரோகிராமைப் பென் டிரைவில் வாங்கி ஏற்றுவதில் நம் பங்கு என்ன? பத்து வரி எழுதினாலும் நாம் எழுதுவோம்.

"ஆங்கிலம் வராதே, டேட்டா ஷீட் எப்படிப் படிப்பது?" என்பார்கள் என்னைப்போன்ற தமிழ் மீடியம் நண்பர்கள். என் கதையைக் கேளுங்கள். சர்க்யூட்டில் 'கிரவுண்ட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, அந்த ஒயரை நிஜமாகவே மண்ணில் புதைக்க வேண்டும் போல என்று முதலாம் ஆண்டில் நினைத்தவன் நான்! கேட்டால் சிரிப்பார்களே என்று ஆறு மாதம் யாரையும் கேட்கவில்லை. ஒருநாள் கேட்டேன். சிரித்தார்கள்தான். ஆனால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம் என்று அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆறு மாத அறியாமைக்கு ஒரு நிமிடச் சிரிப்பு, லாபம்தானே?

"மார்க் போய்விட்டால்?" என்பதுதான் கடைசிக் கேள்வி. நியாயமான பயம். நம் வீடுகளில் ஒரு அரியர் என்றாலும் தாங்க முடியாது. பெட்டி பளபளப்பாக இருந்தால் மார்க் கூடக் கிடைக்கிறது என்பதும் உண்மைதான். அதனால் மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் பேரவைக்கும் ஆசிரியர்களுக்கும் மூன்று கோரிக்கைகளைப் பணிவுடன் வைக்கிறேன்.

ஒன்று, வாரத்தில் இரண்டு நாள் மாலை நாலரைக்குப் பிறகும் லேப் திறந்திருக்க வேண்டும். பலருக்கு வீட்டில் சால்டரிங் அயர்ன் வைக்கக்கூட இடமில்லை. பஸ் பாஸ் நண்பர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஆறரைக்கு மூடினால் போதும்.

இரண்டு, லேப் அலமாரியில் தூசி பிடித்துக் கிடக்கும் பழைய புராஜெக்ட் பெட்டிகளைத் திறந்து, நல்ல பாகங்களைக் கழற்றிப் பேரவை சார்பில் ஒரு பொதுப் பெட்டி வைக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வர எல்லோராலும் முடியுமா? பஸ் காசு பாகத்தின் விலையைவிட அதிகமாகிவிடும்.

மூன்று, ரெக்கார்டில் 'எது வேலை செய்யவில்லை, ஏன்?' என்று ஒரு பக்கம் கட்டாயமாக்க வேண்டும். அதற்கும் மதிப்பெண் வேண்டும். கடையில் வாங்கிய ரெக்கார்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் யாராலும் அச்சடித்துத் தர முடியாது. அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகளுக்கு அந்தப் பக்கம்தான் உண்மையான பாடப் புத்தகம்.

எங்கள் குழு இந்த ஆண்டு கடைக்குப் போகவில்லை. ஆறு பேரில் இரண்டு பேருக்கு இன்னும் அரைமனதுதான். அதையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பு எங்கே கிடைத்தது தெரியுமா? சென்ற மாதம் அப்பா பஸ்ஸரைக் கேட்டு எழுந்துபோய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்: "ஏன்டா, மணி அடிக்கத் தெரிஞ்சதுக்கு, மோட்டாரை நிறுத்தத் தெரியாதா?"

தெரியும், அப்பா. அதற்கு ரிலே வேண்டும், மோட்டாரின் கான்டாக்டரோடு சரியாக இணைக்க வேண்டும், தொட்டியில் தண்ணீர் ஆடும்போது மோட்டார் நின்று நின்று போடாமல் இருக்க மேலே ஒரு காம்பும் கீழே ஒரு காம்புமாக வைக்க வேண்டும். 230 வோல்ட் வேலை என்பதால் எலெக்ட்ரிகல் துறை சார் ஒருவரையும் கூட இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இதுதான் எங்கள் ஆறாவது செமஸ்டர் புராஜெக்ட். வைவா அன்று பெட்டி வேலை செய்யுமா என்று இப்போது உறுதி சொல்ல முடியாது. ஆனால் எந்த ரெசிஸ்டரைத் தொட்டுக் கேட்டாலும் ஆறு பேரும் பதில் சொல்வோம்.

நீங்களும் கடைக்குப் போகும் முன் ஒருமுறை உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், நண்பர்களே. தறியோ, ஆட்டோவோ, மாட்டுக் கொட்டகையோ, டீக்கடையோ, அங்கே ஒரு சின்னத் தொந்தரவு கட்டாயம் இருக்கும். உங்கள் புராஜெக்ட் அங்கேதான் இருக்கிறது.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை